சஞ்சிகை மீட்ட கோள்

வானிற் காணாமற்போன கோளொன்றை மீட்டுத்தந்த பெருமையில் ஒரு மாதச் சஞ்சிகைக்கும் பங்குண்டு. அதன் பத்திராதிபர் பிரான்சு சாவர் வொன் சாக் என்னும் வானசாத்திரியார். 1754ஆம் ஆண்டில் அங்கேரி இராச்சியத்திற் பிறந்த அன்னார், யேர்மனியிலே கோதாக் கோமகனின் ஆதரவுபெற்று, நகருக்கணித்தான சேபேர்க் குன்றிலமைந்த வானோக்கு நிலையத்தின் தலைவராய் விளங்கினார்.

அக்காலத்தில் வானோக்குநர் கண்டவை பெரும்பாலும் தனிக்கடிதங்களிலேயே அடங்கிக் கிடந்தன. அவற்றைப் பலர்க்கும் பொதுவாக்க விழைந்த சாக், 1800ஆம் ஆண்டில், பூமியையும் வானையும் பற்றிய அறிவை வளர்த்தற்கென மாதாந்தக் கடிதச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். வானோக்குக் கணக்குகளும், ஊர்களின் அகலாங்கு நெட்டாங்குகளும், தூரதேசப் பிரயாணிகளின் செய்திகளும் அதில் இடம்பெற்றன.

1801 சனவரி 1இல் சிசிலித்தீவின் பலெர்மோ நகரில் பியாத்சி என்பார் சீரிசு என்னும் புதுக்கோளைக் கண்டார். ஆறு வாரத்துள் அவர் நோயுற்றார். கோளும் சூரியவொளியில் மறைந்தது. மீண்டும் அதனை எங்குத் தேடுவதென எவரும் அறிந்திலர். சாக் பியாத்சியின் அளவீடுகளைச் செத்தெம்பர் இதழில் வெளியிட்டார். அவற்றைக் கொண்டு இருபத்துநான்கு வயதினரான கௌசு என்னும் கணித இளைஞர் கோளின் பாதையைக் கணித்தனுப்பினார். அம்முடிவு பெயர்பெற்றோர் கணிப்புகளினின்றும் பெரிதும் வேறுபட்டது. எனினும் சாக் அதனை ஒதுக்கவில்லை; திசெம்பர் இதழில் அச்சேற்றினார். அம்மாதம் 31ஆம் நாளிரவு, கௌசு குறித்த இடத்தினருகே சீரிசைத் தாமே கண்டு உறுதிப்படுத்தினார். மறுநாளிரவு ஒல்பேர்சு என்பாரும் கண்டார். அன்று கோளெனப்பட்ட சீரிசு, 2006 முதல் குறுங்கோள் என வகுக்கப்படுகின்றது.

அச்சஞ்சிகை 1813 வரை நடந்தது. பின்னர் இத்தாலியின் செனோவா நகரில் 1818 முதல் 1826 வரை பிரெஞ்சு மொழியில் வேறொரு வானியற் சஞ்சிகையையும் சாக் நடாத்தினார். 1832இற் பாரிசு நகரில் வாந்திபேதி நோயால் உயிர்நீத்தார்.

கௌசின் புகழை உலகம் நன்கறியும். சாக்கின் பெயரை அறிந்தோர் சிலரே. ஆயினும், பிறர் கண்டதைக் காலந்தாழ்த்தாது ஊரறியச் செய்தலும், முதியோர் கருத்தோடு முரணினும் இளையோர் எழுத்துக்கு இடமளித்தலும் பத்திராதிபர் கடன் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது. மாணவர் எழுதியவற்றைத் திருத்தி அச்சுக்கனுப்பும் ஆசிரியராகிய நாம் இதனை மறத்தலாகாது. இன்று நம் கையில் ஒப்புவிக்கப்படும் ஒரு தாளில் நாளைய கௌசு ஒருவர் இருத்தலுங் கூடும்.