எழுப்புதல் இறங்கிய பள்ளிக்கூடம்: பண்டித ரமாபாய் அம்மாவின் வாழ்க்கை



அபிஷேகம் இருந்தால் போதாதா, பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்று கேட்கிறவர்களை, வீடு சந்திப்புக்குப் போகும்போது நம் புதுவையிலும் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

ரமாபாய் அம்மா 1858-ல் ஒரு மராத்திய பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக் கூடாது என்றிருந்த காலம். தகப்பனார் அனந்த சாஸ்திரி எதிர்ப்பைச் சட்டைபண்ணாமல் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு பஞ்சத்தில் பெற்றோர் இருவரும் மாண்டுபோனார்கள். 1880-ல் விவாகம், 1882-லேயே கணவரையும் காலரா கொண்டுபோனது. கையில் மனோரமா என்ற கைக்குழந்தை.

1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் எடுத்தார். ஆனாலும் இரட்சகரைச் சொந்தமாக அறிந்தது ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்துத்தான். இடையில் அமெரிக்கா போனவர், சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு பாடம் சொல்லித்தரும் கிண்டர்கார்டன் முறையைக் கற்றார். மராத்தியில் பள்ளிப் பாடப்புத்தகங்களை ஆயத்தம்பண்ணினார்.

1889-ல் பம்பாயில் இளம் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். மறுவருஷம் அது பூனாவுக்கு மாறியது. அம்மா ஜெபிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். 1893-ல் அதற்காகவே பெரும் எதிர்ப்பு எழும்பியது. ஆதரித்த பெரிய மனுஷர்கள் விலகினார்கள். பிள்ளைகள் பலரை வீட்டார் அழைத்துப்போனார்கள். அம்மா பள்ளியையும் மூடவில்லை, ஜெபத்தையும் விடவில்லை.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்திலிருந்து சுமார் 300 பெண்களையும் பிள்ளைகளையும் மீட்டுக் கொண்டுவந்தார். பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவில் முக்தி மிஷன் வளர்ந்தது. எழுத்து, படிப்பு, நெசவு, விவசாயம், அச்சு வேலை எல்லாம் அங்கே கற்றார்கள்.

1905 ஜனவரியில், எழுப்புதலுக்காகத் தினமும் ஜெபிக்க யார் வருவீர்கள் என்று அம்மா கேட்டார். 70 பேர் முன்வந்தார்கள். ஜூன் கடைசியில் ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார்! பிள்ளைகள் பாவத்தை அறிக்கையிட்டுக் கதறினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதல் வந்தது அடுத்த வருஷம்தான். கவனியுங்கள், அக்கினி இறங்கிய இடம் பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த இடம்!

கடைசி வருஷங்களில் எபிரெயுவும் கிரேக்கும் படித்து, சாதாரண ஜனங்களுக்குப் புரியும் எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1921-ல் மகள் மனோரமா இறந்தும் அந்த வேலை நிற்கவில்லை. அதை முடித்து, 1922 ஏப்ரல் 5-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முக்தி அச்சகத்திலேயே அந்த வேதாகமம் அச்சானது.

பிரியமானவர்களே, அம்மாவுக்குப் படிப்பு வேறு, ஜெபம் வேறு அல்ல. உங்கள் மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதிருங்கள். படித்த வாலிபப் பிள்ளைகளே, நம் சபையில் எழுத்துத் தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து அரைமணி நேரம் கொடுத்தால், அவர்கள் வேதத்தைத் தாங்களே வாசிப்பார்கள். வருவீர்களா?

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.