வெள்ளம் வருமுன் அணை போட்ட அம்மையார்

ஒரு தீமையை ஒழிக்கத் துணிச்சல் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. அதை ஒழிக்கும்போது ஏழை எளியவர்களுக்கு வேறொரு தீமை வந்து சேராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். துணிச்சலோடு இந்த முன்யோசனையும் உடையவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி அவர் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது அந்த ஊர், தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்துக்குத் தலைநகர். தந்தை நாராயணசாமி ஐயர் படித்தவர். கல்வித் துறையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர்.

முத்துலட்சுமி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். அது ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தவில்லை. முத்துலட்சுமிக்கு இடம் கிடைத்தது. பிறகு 1907-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ம் ஆண்டு டாக்டர் ஆனார். 1914-ம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பெண்களும் குழந்தைகளும் படும் பாட்டை ஆஸ்பத்திரியில் அவர் நேரில் கண்டார். மருந்து கொடுத்தால் மட்டும் தீராத துன்பங்கள் பல என்பது புரிந்தது. 1927-ம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்மணி அவரே. சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நிலமா, மகளா?

கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் அப்போது இருந்தது. பொட்டுக்கட்டிய பெண் ஊரறியத் திருமணம் செய்துகொள்ள முடியாது. இந்த வழக்கத்தை ஒழிக்க அம்மையார் உறுதி கொண்டார்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கோயில் பணிக்காகப் பல குடும்பங்களுக்கு மானிய நிலம் உண்டு. பணி செய்தால்தான் நிலம். பணியை விட்டால் நிலமும் போய்விடும். அதனால், நிலத்தைக் காப்பாற்றவே மகளுக்குப் பொட்டுக்கட்டிய குடும்பங்களும் இருந்தன. வெறும் தடை மட்டும் போட்டால் என்ன ஆகும்? சிறுமி தப்புவாள்; குடும்பம் தெருவில் நிற்கும்.

அம்மையார் முதலில் நிலத்துக்கு வழி தேடினார். அவர் முயற்சியால் 1929-ம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. கோயில் பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். கோயிலுக்கு ஒரு தொகை செலுத்தினால் போதும் என்று ஆயிற்று. நிலத்துக்காக மகளைக் கொடுக்கும் கட்டாயம் நீங்கியது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. தேவதாசிகளிலேயே பலர், தங்கள் பிழைப்பும் கலையும் போய்விடும் என்று அஞ்சி விண்ணப்பம் கொடுத்தார்கள். அந்த அச்சம் வீண் அச்சம் அல்ல. நிலம் இல்லாதவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் பயன் கிடைக்கவில்லை.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் உடனே வரவில்லை. 1930-ம் ஆண்டு காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து, அம்மையார் பதவியைத் துறந்தார். தடைச் சட்டம் 1947-ம் ஆண்டுதான் நிறைவேறியது.

கதவைத் தட்டிய பெண்கள்

வழக்கத்தை விட்டு வெளியே வரும் பெண்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வி ஒருநாள் அம்மையார் வீட்டு வாசலுக்கே வந்தது. அந்தக் குலத்து இளம் பெண்கள் சிலர் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-ம் ஆண்டு அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது. அங்கே ஆதரவற்ற பெண்களுக்குச் சோறும் கிடைத்தது, கல்வியும் கிடைத்தது.

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. மற்றக் குடும்பங்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று பல ஆண்டுகள் பாடுபட்டுப் பணம் திரட்டினார். 1952-ம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. இன்று அது நாடறிந்த மருத்துவமனை.

1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அம்மையார் மறைந்தார்.

பொது வாழ்வில் நல்லது செய்யப் புறப்படுகிறவர்கள் பலர். தாம் செய்யும் நன்மையால் யாருடைய அடுப்பு அணையும் என்று முதலில் எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே. புதுக்கோட்டைப் பெண் அந்தச் சிலரில் ஒருவர்.