லூசி வில்ஸும் மச்சாள் அனுப்பிய நான்கு போத்தல்களும்

கனடாவிலிருந்து மச்சாள் கொடுத்துவிட்ட பொதியில் நான்கு போத்தல்கள் இருந்தன. கர்ப்பிணிகளுக்கான பல்விற்றமின், கல்சியம், மீன் ஈரல் எண்ணெய், கடைசியாக முடி கொட்டாமல் இருப்பதற்கு ஒன்று. எனக்கு அப்போது ஒன்பதாவது வாரம். சத்தி எடுத்தே களைத்துப்போன நாட்கள். சோறு இறங்காவிட்டாலும் குளிசையாவது இறங்கட்டும் என்று நான்கையும் விழுங்கத் தொடங்கியிருந்தேன். சத்துத்தானே, கூடினால் என்ன கெட்டுவிடப்போகிறது?

தம்பலகாமத்தில் எங்கள் பகுதிக்கு வருகிற மருத்துவமாது அக்கா அட்டையை நிரப்பிக்கொண்டே, வேறு ஏதாவது குளிசை போடுகிறேனா என்று கேட்டார். போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் வாசித்தவர், மீன் ஈரல் எண்ணெயையும் முடிக்கான குளிசையையும் ஒருபக்கம் ஒதுக்கினார். இரண்டிலும் விற்றமின் ஏ இருந்தது, அதுவும் ரெட்டினோல் வடிவில். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அது அளவுக்கு மிஞ்சினால் பிள்ளையின் உறுப்புகள் உருவாவதையே குழப்பக்கூடும். நாளொன்றுக்கு 10,000 அலகைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. கரட், பூசணி, கீரையிலிருந்து கிடைப்பது வேறு வடிவம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. பல்விற்றமினில் இருந்த இரும்பும் ஃபோலிக் அசிட்டும் கிளினிக் குளிசைகளிலும் கிடைப்பவை. அதனால் அந்தப் போத்தலை வைத்தியரிடம் காட்டிய பிறகுதான் தொடலாம் என்றார். கல்சியத்தை இரும்புக் குளிசையோடு சேர்த்துப் போடவேண்டாம், ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரும்புக் குளிசை போட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதும் அப்படித்தான்.

அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. கலியாணம் முடிந்த புதிதில் கிளினிக்கில் தந்த ஃபோலிக் அசிட் என்னவாயிற்று? அது அலுமாரிக்குள் உடைக்கப்படாமல் கிடந்தது. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கரு தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவரும். ஆகவே அந்தக் குளிசையைப் பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே தொடங்கி, 12 வாரம் வரையாவது விடாமல் போடவேண்டும். நான் தொடங்கியது ஏழாவது வாரத்தில்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. இந்தச் சின்னக் குளிசையை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடப்போய்த்தான் லூசி வில்ஸ் எனக்கு அறிமுகமானார்.

1888 மே 10 அன்று இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகருக்கு அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தவர். வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் படித்து 1911இல் பரீட்சை எழுதினார். பட்டம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. அதே 1911இல் தகப்பனும் 1913இல் மூத்த சகோதரியும் இறந்துபோனார்கள். அந்த வருடம் தாயோடு கப்பலேறி அவர் வந்த இடம் எது தெரியுமா? இலங்கை. இங்கேயிருந்த உறவினர்களையும் நண்பர்களையும் பார்க்க வந்தார். மருத்துவம் அப்போது அவருடைய திட்டத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. மறுவருடம் தென்னாபிரிக்காவில் இருந்தபோது உலகப்போர் மூண்டது. கேப் டவுனில் தாதியாகத் தொண்டு செய்தார், திரும்பி வந்து லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் வைத்தியர். ஆனால் நோயாளி பார்க்கும் தொழிலுக்குப் போகாமல் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையின் ஆய்வுகூடத்திலேயே நின்றுவிட்டார்.

1928இல் அவர் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். அங்கே கர்ப்பிணிகள் கடுமையான இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்தப் பெண்களுக்கோ அவை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு லூசி முதலில் கிருமி ஏதாவது காரணமா என்று தேடினார். இல்லை. பிறகு பெண்கள் வாழும் இடங்களையும் அவர்களுடைய சாப்பாட்டையும் ஆராய்ந்தார். நோய் அதிகம் தாக்கியது ஏழைப் பெண்களை, குறிப்பாகப் பழமும் மரக்கறியும் அரிதாகவே தட்டில் விழுந்த முஸ்லிம் ஏழைக் குடும்பத்துப் பெண்களை. குன்னூரிலும், 1931இன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய வேலை தொடர்ந்தது.

எலிகளுக்கு அந்தப் பெண்களின் சாப்பாட்டைப் போன்ற உணவைக் கொடுத்துப் பார்த்தார். எலிகளின் பேன் பரப்பிய தொற்றொன்று முடிவுகளைக் குழப்பியது. அதனால் குரங்குகளிடம் போனார். சாகக்கிடந்த குரங்கு ஒன்றை மீட்டது விலையுயர்ந்த மருந்தல்ல. பியர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்கிற கறுப்புப் பசை, மாமைட். நம் அம்மாமார் சுடுதண்ணியில் கரைத்து, தேசிக்காய் பிழிந்து காய்ச்சல்காரருக்குக் கொடுப்பார்களே, அதே மாமைட்தான். பெண்களுக்குக் கொடுத்தபோதும் சில நாட்களிலேயே தெம்பு திரும்பியது. 1931இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதற்குள் இருந்த சத்துக்குப் பெயர் இல்லாததால் வில்ஸ் காரணி என்றே அழைத்தார்கள்.

(இலங்கையிலும் 1934-35 மலேரியா கொள்ளைநோயின்போது, பட்டினியால் மெலிந்துபோன கிராமத்தவர்களுக்குச் சூரிய மல் இயக்கத்தினர் மாமைட் கொடுத்திருக்கிறார்கள்.)

என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய அடுத்த வேலை. மாட்டு ஈரல் சாறு இன்னொரு வகை இரத்தச்சோகையைக் குணமாக்கும் என்பது அப்போது தெரிந்திருந்தது. நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாறு தன்னுடைய கர்ப்பிணிகளிடம் வேலை செய்யவில்லை, சுத்திகரிக்காத சாறு வேலை செய்தது என்பதை அவர் கவனித்தார். நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு குறைபாடுகள் என்று பிரித்துக் காட்டினார். மற்றது விற்றமின் பி12 குறைவு என்பது பின்னாளில் தெரிந்தது. பி12 குறைந்த ஒருவருக்கு ஃபோலிக் அசிட்டை மட்டும் அள்ளிக் கொடுத்தால் இரத்தப் பரிசோதனை நன்றாக வந்துவிடும், உள்ளே நரம்பு பழுதாகிக்கொண்டே இருக்கும். மாமிசம், மீன், பால் எதையும் தொடாத பிள்ளைத்தாச்சிகள் கிளினிக்கில் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

1941இல் அமெரிக்காவில் நான்கு தொன் கீரையைப் பிழிந்து அந்தச் சத்தைப் பிரித்து, இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அசிட் என்று பெயரிட்டார்கள். அதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய குழுவை லெடர்லி ஆய்வுகூடத்தில் வழிநடத்தியவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நரம்புக் குழாய்க் குறைபாட்டைத் தடுக்க அது உதவுகிறது என்று பெரிய ஆய்வொன்று நிறுவியது 1991இல்தான். லூசி அதைப் பார்க்கவில்லை. 1947இல் ஓய்வுபெற்ற பிறகும் ஜமேக்கா, ஃபிஜி என்று போஷாக்கு ஆய்வுக்காக அலைந்து, செல்சி நகரசபையில் தொழிற்கட்சி உறுப்பினராகவும் இருந்து, 1964 ஏப்ரல் 26 அன்று காலமானார். கலியாணம் செய்யவில்லை. வேலைக்குச் சைக்கிளில் போய்வந்த மனுஷி.

எனக்கு ஐந்தாம் மாத ஸ்கானில் முள்ளந்தண்டு மணிமாலை மாதிரி ஒழுங்காகத் தெரிந்தது. ஃபோலிக் அசிட்டைத் தவறவிட்ட எல்லோருக்கும் பிரச்சினை வருவதில்லை, ஆனால் அந்தப் பத்து வாரக் காத்திருப்பை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். மகளுக்கு இப்போது எட்டு மாதம்.

லூசியின் கதையை மச்சாளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுவதையும் கேட்டார். அடுத்த பொதியில் விற்றமின் போத்தல் ஒன்றுகூட இல்லை. பெரிய மாமைட் போத்தல் இரண்டு இருந்தன. அது சந்திக் கடையிலேயே கிடைக்கும், உப்பும் கூட, குளிசைக்குப் பதிலாகவும் ஆகாது என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நன்றி சொல்லி வைத்தேன்.