இரண வைத்தியம் தந்த கிறீன்

மானிப்பாயிலே மருத்துவமனை கண்ட சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கரை நம்மவர் பெரும்பாலும் மிஷனரிமார் வரிசையிலே வைத்து நினைவுகூர்வர். நான் அவரைத் தமிழுரைநடை வளர்த்தோர் வரிசையிலே வைத்து எண்ணுகிறேன். சத்திர சிகிச்சையைத் தமிழில் எழுதி, தமிழிலேயே கற்பித்தவர்க்கு அவ்விடம் உரியதே.

மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். சிலகாலம் வட்டுக்கோட்டையிலிருந்து, மறு ஆண்டு மானிப்பாய்க்குப் பெயர்ந்தார். நோயாளரைப் பார்த்ததோடு உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவமும் கற்பித்தார், முதலில் ஆங்கிலத்திலேதான். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே இருந்தான். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்ட கிறீன், 1864 முதல் தமிழிலே கற்பிக்கலானார். ஆங்கிலமே பிழைப்புக்கு வாயிலாயிருந்த காலத்தில் இஃது எத்துணைத் துணிவான செயல் என்பதை ஆசிரியராயிருப்போர் அறிவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! மாணாக்கர் மொழிபெயர்க்க, அவர் சொற்சொல்லாக நோக்கித் திருத்துவார். றொபேட் துருவிற் என்பவரின் சத்திர வைத்திய நூல், 1867இல் இரண வைத்தியம் என்னும் பெயரோடு வெளிவந்தது. இரணம் என்ற சொல்லைத் தேர்ந்ததை நான் மெச்சுகிறேன். பாட்டியும் பேரனும் அறிந்த சொல் அது. காயத்திற் கிருமி புகாது காக்கும் முறையை லிஸ்ரர் பெருமான் உலகுக்கு அறிவித்ததும் அவ்வாண்டிலேதான். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. கலைச்சொல்லைத் தமிழிலே தேடுதல், கிடையாவிடின் வடமொழி, அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இயைய எழுதுதல் என்பது அவர் கொண்ட முறை. கெமிஸ்தம் மூன்றாம் வழியிற் பிறந்தது. வடசொற் செறிவு சற்று மிகுதிதான். உடற்றொழிலியலைச் சுகரணம் என்றால் இன்று எவர்க்கு விளங்கும்? ஆயினும் வழியில்லாக் காட்டில் முதலில் நடந்தவர் அவர்.

இஃது ஏட்டுப் புலவனின் வீண் கவலையன்று. நிவித்திகலவை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவியொருத்தி, பாட்டனாரின் ஆஸ்பத்திரித் துண்டை என்னிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது ஐயா என்று கேட்டாள். முழுதும் ஆங்கிலம். அறிந்த வைத்தியரொருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். கிழவரின் காலுக்குக் குருதி செல்லும் நாடி அடைபட்டமையால் செயற்கைக் குழாய் பொருத்தியிருந்தனர். கவட்டில் இட்ட காயம் சீழ்கொண்டு வாய் பிளந்தது. பின்னர்த் தொடைத் தசையொன்றை, அதற்கு ஊட்டந்தரும் குருதிக் குழாய் அறாதபடி, ஒருமுனை பெயர்த்துத் திருப்பி, அக்குழாயின்மேற் போர்த்தனர். காலை மடித்து அமரும் தையற்காரரை நினைந்து மேனாட்டார் அத்தசைக்குத் தையற்காரன் பெயரை இட்டுள்ளனர். உயிருள்ள தசை பள்ளத்தை நிரப்பும். அதனூடே வரும் குருதி கிருமியை எதிர்க்கும் அணுக்களையும் மருந்தையும் கொணரும். எனினும் அழுகல் குழாயின் தையலைத் தின்றால் குருதி பீறிட்டு உயிருக்கே முடிவாகும். ஆதலின் காயத்திற் சிறிது இரத்தங் கசிந்தாலும் தாமதியாது வருக என்று துண்டில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை அவர்க்குத் தமிழிற் சொல்வார் இலராயினர். இத்தகைய வரிக்காகவே கிறீன் ஆயுளைச் செலவிட்டார்.

அவரிடம் மருத்துவம் கற்றோர் 60 பேருக்கு மேற்பட்டவர். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றனர். உடல் தளர்ந்து 1873இல் இலங்கையை நீங்கிய பின்னும் வூஸ்ரரிலிருந்தபடி தமிழ் நூல்களைத் திருத்துதலை அவர் விடவில்லை. 1884இல் அங்கேயே காலமானார். தாம் தமிழர்க்கு ஊழியஞ் செய்த மருத்துவர் என்பதைக் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் கேட்டிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.