பாப்பான் பட்டணத்தின் பின்வாசல்: நோயாளிகளைக் கைவிடாத சிபில் கார்த்திகேசு

ஈப்போ, ஃபேர் பார்க் வட்டாரத்தில் ஒரு சாலைக்குச் சிபில் கார்த்திகேசு என்று பெயர். ஜப்பானியர் ஆட்சியின்போது சித்திரவதைக்கு ஆளான வீரப்பெண்மணி என்றே நம்மில் பலரும் அவரை அறிவோம். ஆனால், அந்த வீரம் நோயாளியின் படுக்கை அருகே தொடங்கியது.

சிபில் 1899 செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். தந்தை ஐரிஷ் வழிவந்த யுரேசியத் தோட்டத் துரை, தாயார் மருத்துவச்சி. சிபிலும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919-இல் தைப்பிங்கைச் சேர்ந்த தமிழரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவைக் கோலாலம்பூரில் மணந்தார். அதே ஆண்டு பிறந்த தலைப்பிள்ளை மைக்கேல் 19 மணி நேரமே உயிரோடு இருந்தான். அந்தத் துயரத்திற்குப் பிறகு வில்லியம் என்ற ஆண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர். ஓல்கா, டோன் என்ற இரு மகள்களும் பிறந்தனர்.

1926 முதல் ஈப்போ புருஸ்டர் சாலையில் கணவரும் மனைவியும் கிளினிக் நடத்தினர். சிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். வலியில் துடிப்பவரிடம் அவருடைய சொந்த மொழியிலேயே பேசுவது பாதி மருந்துக்குச் சமம். ஈயச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே எண்ணின.

1941 இறுதியில் ஜப்பானியப் படை நெருங்கியபோது, குடும்பம் அருகிலிருந்த பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பிரதான சாலை 74-ஆம் எண் கடைவீட்டில் சிபில் மருந்தகம் நடத்தினார். பகலில் ஊர்மக்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். இரவில், மலைக்காட்டில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடியவர்கள் காயங்களோடு பின்வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு மருந்திடுவது உயிருக்கே ஆபத்து என்று சிபிலுக்குத் தெரியும். இருந்தும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தடைசெய்யப்பட்ட வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து, நேச நாடுகளின் செய்திகளையும் கேட்டு வந்தனர்.

1943-இல் கணவரும் அவரை அடுத்துச் சிபிலும் கைதாயினர். கெம்பெய்தாய் காவலர்கள் அவரைக் கொடூரமாக வதைத்தனர். சிறுமி டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி, தாயைப் பேச வைக்கவும் பார்த்தனர். தம்மை நம்பி வந்தவர்களைச் சிபில் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்றுப் பத்துகாஜா சிறையில் கிடந்தார். 1945-இல் விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை.

ஆயிரக்கணக்கானோரைத் தாங்கிய கைகளுக்கு இப்போது பிறரின் கைகள் தேவைப்பட்டன. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டன் கொண்டு செல்லப்பட்ட சிபில், அங்கேதான் தம் நினைவுகளை எழுத்தில் பதிந்தார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால், பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைக் காயத்தால் பின்னர் இரத்தத்தில் நஞ்சு பரவியது. 1948 ஜூன் 12-ஆம் நாள், 48-ஆவது வயதில், ஸ்காட்லாந்தில் காலமானார்.

மறு ஆண்டு அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, கத்தோலிக்கக் கல்லறையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. நினைவுக்குறிப்புகள் 1954-இல் நூலாக வெளிவந்தன.

சிபில் தேடிப் போகாத பதக்கம் அவரைத் தேடி வந்தது. அதற்கு வெகு முன்பே அவருக்கு ஒரு கைம்மாறு கிடைத்திருந்தது. இனமும் மொழியும் வேறான மனிதர்கள், நள்ளிரவில் தங்கள் உயிரை அவர் கையில் ஒப்படைத்த நம்பிக்கையே அது. இன்று, குணமாக்க முடியாத நோயாளிகளின் வீடு தேடிச் சென்று, கையைப் பற்றி உடன் அமரும் தன்னார்வலர்களுக்கும் சம்பளமில்லை. நான் இருக்கிறேன் என்று ஒருவருக்கு உணர்த்திவிட்டுத் திரும்பும்போது கிடைக்கும் நிறைவுதான் அவர்களுக்கும் கூலி. அந்த நிறைவை நாடுவோருக்கு, பாப்பானின் அந்தப் பின்வாசலைவிட நல்ல முன்னுதாரணம் பேராக்கில் வேறில்லை.