தமிழோசைக்குப் பெயர் தந்தவர்

தொலைக்காட்சியும் கைப்பேசியும் பரவாத காலத்தில், தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழ்ந்த தமிழர்க்கு வானொலியே உற்ற துணை. கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் குடியேறியவராயினும், கடல் கடந்து சென்றவராயினும், வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகித் தமிழ்க் குரலைத் தேடினர். அக்குரலைப் பண்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் சோ. சிவபாதசுந்தரம்.

இவர் 1912ஆம் ஆண்டு இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே ஈழகேசரி இதழின் ஆசிரியரானார். இளம் எழுத்தாளர்களை ஊக்குவித்தார். பின்னர் இலங்கை வானொலியில் சேர்ந்து தமிழ் நிகழ்ச்சிகளை அமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

இலண்டன் பி.பி.சி. நிறுவனம் 1941ஆம் ஆண்டு தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. அந்நிகழ்ச்சிக்குச் 'செய்தி மடல்' என்று பெயர். 1940களின் பிற்பகுதியில் அங்குப் பணியாற்றச் சென்ற சிவபாதசுந்தரம், அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டினார். பாரதியாரின் பாடலில் ஒலிக்கும் சொல் அது. மடல் கண்ணால் படிப்பதற்கு உரியது. ஓசையோ காதால் கேட்பதற்கு உரியது. வானொலியின் இயல்பு முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டது.

நூலைப் படிப்பவர், பொருள் விளங்காவிடின் மீண்டும் அவ்வரியைப் படிக்கலாம். வானொலி கேட்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. கேட்ட கணத்திலேயே பொருள் விளங்க வேண்டும். ஆகவே வானொலிக்கு எழுதுவதும் பேசுவதும் தனிக்கலை. அக்கலையைக் கற்பிக்கத் தமிழில் நூல் இல்லாத குறையை உணர்ந்த அவர், 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதினார். நேரில் அவரைக் காணாத ஒலிபரப்பாளர்க்கும் அந்நூல் ஆசானாயிற்று.

பிற்காலத்தில் அவர் சென்னையில் வாழ்ந்தார். மாணிக்கவாசகர், புத்தர், சேக்கிழார் ஆகியோர் வாழ்வோடு தொடர்புடைய ஊர்களுக்குத் தாமே சென்று பயண நூல்கள் படைத்தார். வானொலியில் பணியாற்றிய மற்றோர் எழுத்தாளரான சிட்டியுடன் இணைந்து, தமிழ் நாவலின் வரலாற்றையும் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார்.

சிவபாதசுந்தரம் 2000ஆம் ஆண்டு மறைந்தார். அவர் சூட்டிய பெயரோடு பி.பி.சி.யின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. அயல்மொழி சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த தமிழர் பலர், அவ்வோசையைக் கேட்டே தம் மொழியை மறவாது காத்தனர்.

சொற்பொருள்
உற்ற துணை – நெருங்கிய துணை
பண்படுத்திய – செம்மையாக்கிய
மடல் – கடிதம்
ஆசான் – ஆசிரியர்

பயிற்சி
1. 'தமிழோசை' என்னும் பெயர் வானொலிக்குப் பொருத்தமானது ஏன்?
2. நூல் படிப்பதற்கும் வானொலி கேட்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் வீட்டுப் பெரியோர் கேட்ட வானொலி நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து ஐந்து வரிகள் எழுதுக. எழுதியதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுக.