வேலையை விட்ட டிராயிங் வாத்தியார்

லட்சுமணராவ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் உண்டு. கிர்லோஸ்கர் என்ற பெயரைக் கேள்விப்படாத விவசாயி இல்லை. நம் ஊர்க் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. பம்பாயில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்!

1869-ம் ஆண்டு ஜுன் மாதம் 20-ந்தேதி பெல்காம் மாவட்டம் குர்லஹோசூரில் பிறந்தார். (பெல்காம் இப்போது கர்நாடகத்தில் பெலகாவி.) தந்தை காசிநாத பந்த், வேதாந்த பண்டிதர். மகனும் அந்த வழியில் போவான் என்று எதிர்பார்த்தார்கள். மகனுக்கோ படம் வரைவதிலும் எந்திரங்களிலும்தான் நாட்டம்.

16 வயதில் பம்பாய்க்கு வந்து ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஓர் இடி காத்திருந்தது. அவரது கண்களால் சில நிறங்களைப் பிரித்து அறிய முடியவில்லை! ஓவியர் ஆகும் ஆசை போயிற்று. ஆனால் எந்திரங்களின் படத்தை வரைவதற்கு வண்ணம் தேவை இல்லையே! அதைக் கற்றுக்கொண்டார். விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டில் ஆசிரியர் வேலை கிடைத்தது. இன்று மாட்டுங்காவில் நாம் தினமும் கடந்து போகும் வி.ஜே.டி.ஐ.தான் அது. அந்தக் காலத்தில் பைகுல்லாவில் இருந்தது.

சைக்கிள் கடை

அப்போது சைக்கிள் ஒரு அதிசயப் பொருள். விலையும் அதிகம். பணக்காரர்கள்தான் வாங்க முடியும். லட்சுமணராவ் பம்பாயில் சைக்கிள்களை வாங்கி ஊருக்கு அனுப்பினார். பெல்காமில் அண்ணன் ராமுவண்ணா அவற்றை விற்றார். வாங்கினால் மட்டும் போதுமா? ஓட்டத் தெரிய வேண்டுமே! அதையும் ராமுவண்ணாவே கற்றுக்கொடுத்தார். கட்டணம் 15 ரூபாய். அன்றைய 15 ரூபாய் சின்னத் தொகை அல்ல. கிர்லோஸ்கர் சகோதரர்கள் என்ற பெயரில் நடந்த இந்தக் கடைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

இதற்கிடையே வேலையில் ஒரு பதவி உயர்வு வந்தது. லட்சுமணராவுக்குக் கிடைக்க வேண்டியது அது. ஓர் ஆங்கிலோ இந்தியருக்குக் கொடுத்துவிட்டார்கள். ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு, பெல்காமுக்குக் கிளம்பிவிட்டார்.

கோபத்தில் வேலையை உதறித் தள்ளிய வீரர் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோசம் இருந்தது உண்மை. ஆனால் அவர் வெறுங்கையோடு இறங்கவில்லை. கடை ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. சரக்கு எங்கே வாங்குவது என்று அவருக்குத் தெரியும். யார் வாங்குவார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே வியாபாரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டார். சம்பளத்தில் இருந்தபடி ஊரில் ஒரு கடை போடலாமா என்று கணக்குப் போடுகிற நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏஜென்சியா, சொந்தத் தயாரிப்பா?

சைக்கிள் கடையோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல வியாபாரியாக வாழ்ந்து மறைந்திருப்பார். அடுத்தவர் செய்த பொருளை விற்பதில் ஒரு வசதி உண்டு. பொருளுக்குப் பெயர் ஏற்கனவே இருக்கிறது. ஒரு சங்கடமும் உண்டு. விலையும் சரக்கும் நம் கையில் இல்லை.

லட்சுமணராவ் சொந்தமாகச் செய்யத் துணிந்தார். முதலில் மாட்டுத் தீவனம் வெட்டும் எந்திரம். அடுத்து இரும்புக் கலப்பை. மரக் கலப்பையைவிட ஆழமாக உழும். நல்ல பொருள்தான். ஆனால் வாங்க ஆள் இல்லை! இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். முதல் கலப்பை விலைபோக 2 ஆண்டுகள் ஆயின. இரண்டு ஆண்டு என்றால் எத்தனை மாத வாடகை, எத்தனை மாதக் கூலி என்று நினைத்துப் பாருங்கள்.

இது போதாது என்று பெல்காம் நகரசபையும் அவர் இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. அந்த வேளையில் கைகொடுத்தவர் அவுந்து சமஸ்தானத்தின் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. 10 ஆயிரம் ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தார். இடமும் கொடுத்தார். குண்டல் ரோடு ரெயில் நிலையத்தின் அருகே 32 ஏக்கர். சப்பாத்திக் கள்ளியும் பாம்புமாகக் கிடந்த கரம்பு நிலம் அது! 1910-ம் ஆண்டு 25 தொழிலாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு அங்கே குடியேறினார். கள்ளியை வெட்டி, தொழிற்சாலையும் கட்டி, ஊரையும் கட்டினார்கள். அதுதான் கிர்லோஸ்கர்வாடி.

1914-ல் முதல் உலகப்போர் வந்தது. இரும்பு இல்லை, நிலக்கரி இல்லை, பெயிண்டு கூட இல்லை. கோலாப்பூர் மகாராஜா சாகு, கோட்டையில் கிடந்த பழைய பீரங்கிகளைக் கொடுத்தார். அவற்றை உருக்கிக் கலப்பை செய்தார்கள்.

1920-ல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் கம்பெனியாகப் பதிவானது. கலப்பைக்குப் பிறகு பம்பு. மகன் சந்தனுராவ் அமெரிக்காவில் என்ஜினீயரிங் படித்துத் திரும்பினார். 1946-ல் புனேயில் ஆயில் என்ஜின் கம்பெனியும், பெங்களூரில் மின் மோட்டார் கம்பெனியும் எழுந்தன.

1956-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி லட்சுமணராவ் காலமானார். 1969-ல் அவரது நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிடப்பட்டது. புனே-மிரஜ் பாதையில் ரெயிலில் போகிறவர்கள் அந்த ஊரைப் பார்க்கலாம். நிலையத்தின் பலகையில் இன்று குண்டல் ரோடு என்ற பெயர் இல்லை. கிர்லோஸ்கர்வாடி என்றே எழுதியிருக்கிறது.